புற்றுநோய் விழிப்புணர்வு நடையில் மாணவத் தன்னார்வலர்: பெயர் கொடுப்பதிலிருந்து கடைசி ஆள் வந்து சேரும் வரை

சென்னைக் கடற்கரைச் சாலை ஒன்றில் 500 பேர் நடக்கும் 5 கிலோமீட்டர் நடையை வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. அக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணிக்குத் தொடக்கம். இரண்டரை கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். உங்கள் ஊர் நடை சிறியதாகவோ பெரியதாகவோ இருந்தால் அளவுகளை மாற்றிக்கொள்ளுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.

படிகளுக்குப் போகுமுன் ஒன்று. புற்றுநோய் நடையில் கடைசியாக வருபவர் பல நேரம் கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) எடுத்துக்கொண்டிருப்பவர், அல்லது அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆனவர். இந்த நடையே அவருக்காகத்தான். அவர் வந்து சேரும்போது தண்ணீர் தீர்ந்து, மேசை மடக்கப்பட்டு, தன்னார்வலர்கள் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். புதிதாக வருபவர்கள் செய்யும் ஆகப் பெரிய தவறு இதுதான். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் கடைசி ஆளிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போடப்பட்டவை.

1. பெயர் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஒருங்கிணைப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எனக்கு எந்த இடம்? எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? அங்கே எனக்கு மேல் யார்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் விடாதீர்கள். பாதையில் ஒருவர் மயங்கி விழும்போது யாரைக் கூப்பிடுவது என்பதை அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

18 வயது நிறையாத பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்கள் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் கொடுக்க வேண்டும். அதில் அதிகாலையில் எப்படி வருவீர்கள், யாருடன் திரும்புவீர்கள் என்பதும் இருக்கட்டும். சென்னை மெட்ரோ 5 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும், 4.30 மணிப் பணிக்கு அதை நம்ப முடியாது. பக்கத்துப் பகுதி மாணவர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் வருவது நல்லது. யாரும் தனியாக வர வேண்டாம்.

என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்ட) மாணவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேர வழக்கமான சேவை தேவை. இந்த நடை அந்தக் கணக்கில் சேருமா என்பதைத் திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நடை முடிந்த பிறகு கேட்டால் பல கல்லூரிகளில் ஏற்கமாட்டார்கள்.

காய்ச்சல், சளி, இருமல் இருந்தால் வராதீர்கள். கீமோவில் இருப்பவருக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். உங்களுக்குச் சாதாரண சளியாக இருப்பது அவரை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும். முந்தைய நாள் இரவே சொல்லிவிட்டால் மாற்று ஆளைப் பிடிக்க முடியும்.

2. முந்தைய வாரம் பாதையை நடந்து பாருங்கள்

நடைக்கு ஆட்கள் கூடும் அதே நேரத்தில், அதாவது விடியும் முன்பு, ஒருமுறை பாதை முழுவதும் நடங்கள். மாலை நான்கு மணிக்குப் பார்த்த சாலை வேறு, அதிகாலை ஐந்தரைக்கு இருக்கும் சாலை வேறு. அக்டோபரில் சென்னையில் சூரியன் 6 மணியை ஒட்டித்தான் உதிக்கும். எரியாத தெருவிளக்குகளும், மூடி இல்லாத மழைநீர் வடிகாலும், நாய்கள் கூடும் முனையும் அப்போதுதான் கண்ணில் படும்.

நான்கு விஷயங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: திறந்திருக்கும் கழிப்பறை, உட்கார இடம், ஆம்புலன்ஸ் உள்ளே வரக்கூடிய குறுக்குத் தெரு, ஒவ்வொரு 500 மீட்டரிலும் ஓர் அடையாளம் (கடை, சிலை, பேருந்து நிறுத்தம்).

கழிப்பறை பெயரளவில் இருந்தால் போதாது. காலை 5 மணிக்குத் திறக்குமா, சாவி யாரிடம், தண்ணீர் வருமா என்று பாருங்கள். குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் வயிற்றில் மலம் சேரும் பை பொருத்தியிருப்பவர்கள் நடைக்கு வருவதுண்டு. பூட்டிய கழிப்பறைக் கதவுக்கு முன்னால் அவர்கள் படும் அவஸ்தை சொல்லி மாளாது.

உட்காரும் இடம் இல்லாத பகுதிகளில் பிளாஸ்டிக் நாற்காலி போட வேண்டும். 500 மீட்டருக்கு இரண்டு நாற்காலி என்று கேளுங்கள்.

3. நேரக் கணக்கு

வேகமாக நடப்பவர் மணிக்கு 6 கிலோமீட்டர் போவார். 6.25க்குத் திரும்பும் இடத்தைத் தொட்டு, 6.50க்கு வந்து சேர்ந்துவிடுவார். மெதுவாக நடப்பவர் மணிக்கு 3 கிலோமீட்டர். அவர் 6.50க்குத்தான் திரும்புவார், 7.40க்கு வந்து சேர்வார். இடையில் பத்துப் பத்து நிமிடம் இரண்டு முறை உட்கார்ந்தால் 8 மணி ஆகும்.

முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. 7 மணிக்குக் கூட்டம் கரைந்ததும் வேலை முடிந்ததுபோலத் தோன்றும். உங்கள் பணி நேரத்தை 8.30 வரை என்று முதலிலேயே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அன்று 9 மணிக்கு வேறு வகுப்போ தேர்வோ இருந்தால் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டாம்.

4. முந்தைய நாள் இரவு

பையில் போட வேண்டியவை: முழுதாக மின்னேற்றிய கைபேசி, சிறிய டார்ச், ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு பால்பாயிண்ட் பேனா, கைக்குட்டை, தொப்பி, அடையாள அட்டை, பாதை வரைபடத்தின் அச்சுப்பிரதி. ஜெல் பேனா வேண்டாம். வியர்வை பட்டால் எழுத்து கலைந்துவிடும். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும் என்பதால் மடக்குக் குடையும், பதிவுத் தாள்களைப் போட ஒரு கோப்புறையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழகிய ஷூவைப் போடுங்கள். வாசனைத் திரவியம் பூச வேண்டாம். கீமோவில் இருப்பவர்களுக்கு வாசனையே குமட்டலைக் கிளப்பும்.

வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். இரண்டு வாழைப்பழமும் ஒரு பன்னும் போதும். ஏழு மணிக்குத் தன்னார்வலரே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் காலியாகிவிடும்.

5. அதிகாலை 4.30 முதல் 5 வரை

முதலில் வெளிச்சம், பிறகு தண்ணீர், அதன் பிறகுதான் பதிவு மேசை. பேனரும் பலூன் வளைவும் கடைசி. பேனர் கட்டுவதில் பத்துப் பேர் நின்றுவிட்டு, 5 மணிக்கு முதல் நடையாளர் வரும்போது மேசையில் விளக்கு இல்லாமல் கைபேசி வெளிச்சத்தில் பெயர் தேடுவதை அடிக்கடி பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பை, பிளாஸ்டிக் கொடி எல்லாம் அதில் அடங்கும். கையில் ஆட்டுவதற்கு யாராவது பிளாஸ்டிக் கொடிக்கட்டு கொண்டுவந்தால் பிரிக்காமல் ஒதுக்கி வையுங்கள். துணிக் கொடியோ காகிதக் கொடியோ இருக்கலாம்.

6. பதிவு மேசை

ஒருவருக்கு 40 விநாடி என்று வையுங்கள். 50 நிமிடத்தில் ஒரு மேசை 75 பேரை அனுப்பும். 500 பேருக்கு ஏழு மேசை வேண்டும். மூன்று மேசை போட்டால் நடை 6.50க்குப் பிறகுதான் கிளம்பும், வெயில் ஏறிய பிறகு கஷ்டப்படப்போவது கடைசியில் நடப்பவர்தான்.

பெயர் அகரவரிசையில் பட்டியல் அச்சிடாதீர்கள். நம் பெயர்களுக்கு அது ஒத்துவராது. ஒருவர் முன்னெழுத்தை முதலில் போடுவார், ஒருவர் கடைசியில் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை முழுதாக எழுதியிருப்பார். லட்சுமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை வரிசைப்படுத்தி அச்சிடுங்கள். "உங்க நம்பர்ல கடைசி நாலு சொல்லுங்க" என்றால் ஐந்து விநாடியில் பெயர் கிடைத்துவிடும். மேசைகளையும் 0000 முதல் 1428 வரை, 1429 முதல் 2857 வரை என்று பிரித்துப் பெரிய எழுத்தில் ஒட்டலாம். இணையம் திணறினாலும் தாள் கைகொடுக்கும்.

டி-ஷர்ட் அளவு மாற்றக் கேட்பவர்களைப் பதிவு மேசையில் நிறுத்தாதீர்கள். மாற்று மேசை தனியாக, பத்தடி தள்ளி இருக்க வேண்டும். அங்கேயும் 5.50க்குப் பிறகு, எல்லோரும் வாங்கிய பின்தான் மாற்றித் தருவோம் என்று சொல்லிவிடுங்கள். முன்னால் வந்தவருக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தால், பின்னால் வருபவர் பதிவு செய்த அளவு அவருக்கே கிடைக்காது.

எண் அட்டைக்கு ஆளுக்கு 4 ஊக்கு, மொத்தம் 2,000. அட்டையின் பின்பக்கம் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணை அங்கேயே எழுத வையுங்கள். அட்டையை நீங்களே குத்திவிட வேண்டாம். மார்பக அறுவை சிகிச்சை ஆனவருக்கோ, காறையெலும்பின் கீழே கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி) பொருத்தியவருக்கோ நெஞ்சுப் பகுதியில் எது பட்டாலும் வலிக்கும். அட்டையையும் ஊக்கையும் கையில் கொடுத்து, "இடுப்புக்கிட்ட குத்திக்கிட்டாலும் பரவாயில்லைங்க" என்று எல்லோரிடமும் சொல்லுங்கள். எல்லோரிடமும் சொல்வதால் யாரும் தன்னைத் தனித்துக் காட்ட வேண்டியிருக்காது.

7. தண்ணீர்

தண்ணீர் தரும் இடங்கள் மூன்று: 1.25 கிலோமீட்டரில் ஒன்று (போகும்போதும் வரும்போதும் உதவும்), திரும்பும் இடத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று. பாதையில் மூன்று முறை 150 மில்லி, முடிவில் 250 மில்லி என்றால் ஆளுக்கு 700 மில்லி. 500 பேருக்கு 350 லிட்டர். 20 லிட்டர் கேன் 18 தேவைப்படும், 22 வாங்குங்கள். பிரிப்பு: 1.25 கிலோமீட்டரில் 9, திரும்பும் இடத்தில் 5, முடிவில் 8. டம்ளர் கழுவும் தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது. அதற்குத் தனியாக டிரம்மில் குழாய்த் தண்ணீர் பிடித்து வையுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேன் மேல் "கடைசி வரிசைக்கு" என்று எழுதி மேசைக்கு அடியில் வைத்துவிடுங்கள். முன்னால் வரும் இளைஞர்கள் முகம் கழுவவும் தலையில் ஊற்றவும் கேட்பார்கள். அதற்கு டிரம் தண்ணீரைக் காட்டுங்கள். ஒதுக்கிய கேனைக் கடைசி ஆள் கண்ணில் தெரியும்வரை திறக்கக் கூடாது.

கேன் 20 கிலோ எடை. இருவராகத் தூக்குங்கள். மடக்கு மேசையில் நாலு கேனை அடுக்கினால் கால் வளைந்து எல்லாம் தரையில் கொட்டும். இரும்பு ஸ்டாண்டில் ஒன்று வைத்து, மற்றவை தரையிலேயே இருக்கட்டும்.

எவர்சில்வர் டம்ளர் இடத்துக்கு 100 வேண்டும். பாட்டில் கொண்டுவந்தவர்களுக்கு அதில் நிரப்பிக் கொடுங்கள். நம்மவர்கள் அண்ணாந்து குடிக்கும் பழக்கம் டம்ளர் சுத்தத்துக்கு நல்லதுதான், ஆனால் நடந்துகொண்டே அண்ணாந்தால் புரையேறும். "ஒரு நிமிஷம் நின்னு குடிங்க" என்று சொல்ல ஓர் ஆளை நிறுத்துங்கள். சிகிச்சையில் இருப்பவர்களுக்கென்று புதிதாகக் கழுவி மூடி வைத்த டம்ளர் பத்து தனியே இருக்க வேண்டும்.

ஓஆர்எஸ் (உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்ச்சத்துப் பொடி) கரைப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பெரிய பாக்கெட் முழுதாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அதை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்தால் உப்பு மிகுந்து வாந்தி வரும், உடல் மேலும் வறளும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவைப் படித்துவிட்டுக் கரையுங்கள்.

எலுமிச்சைச் சாற்றை எல்லோருக்கும் நீட்டாதீர்கள். கீமோவாலும் கதிர்வீச்சாலும் வாய்ப்புண் இருப்பவருக்கு அது நெருப்பாக எரியும். வெறும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

8. பாதையில் நிற்பவர்கள்

200 மீட்டருக்கு ஒருவர், குறுக்குத் தெரு ஒவ்வொன்றிலும் இருவர். போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் காவலருக்கு மட்டுமே. வண்டிக்கு முன்னால் போய்க் கை நீட்டி நிற்காதீர்கள். நீங்கள் நிறுத்த வேண்டியது நடப்பவர்களைத்தான்: "அண்ணா, ஒரு நிமிஷம், வண்டி போகட்டும்."

திரும்பும் இடத்தில் வண்ணக் கூம்பு மட்டும் போதாது. பேச்சு சுவாரசியத்தில் நேரே போய்விடுவார்கள். கூம்புக்கு அப்பால் பத்து மீட்டரில் இன்னொருவர் நிற்க வேண்டும்.

கடைசி ஆளுக்குப் பின்னால் நடக்க இருவரை நியமியுங்கள். இந்த வழிகாட்டியில் உள்ள பொறுப்புகளில் முக்கியமானது இது. அனுபவமுள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டியது. அவர்கள் கடைசி ஆளை முந்தக் கூடாது, முதுகில் ஒட்டிக்கொண்டும் வரக் கூடாது. பத்தடி இடைவெளியில், தாங்களும் சாவகாசமாக நடப்பதுபோல வர வேண்டும். துரத்தப்படுவதாக அவருக்குத் தோன்றினால் சக்திக்கு மீறி வேகம் எடுப்பார். இருவரும் தங்களைத் தாண்டிய பிறகுதான் பாதையில் நிற்பவர்கள் இடத்தை விட்டு நகரலாம்.

9. சிகிச்சையில் இருப்பவர்களோடு பேசுவதும் நடப்பதும்

கை கொடுக்க வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுக் கொடுங்கள்: "அம்மா, எந்தக் கையைப் பிடிச்சுக்கட்டும்?" மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை வீங்கும் அபாயம் உண்டு. அந்தக் கையை இழுக்கவோ, அதில் கனமான பையை மாட்டவோ கூடாது. முதலுதவிக் குழுவினர் ரத்த அழுத்தம் பார்க்கும்போதும் மறு கையைக் கேட்டுப் பார்ப்பதே முறை.

சில கீமோ மருந்துகளால் பாதம் மரத்துப்போகும். கல் தட்டினாலும் தெரியாது. மேடு பள்ளம் வரும்போது முன்கூட்டிச் சொல்லுங்கள். விக் அல்லது தலைத்துணி கடற்காற்றில் நழுவினால் உற்றுப் பார்க்காமல், காற்றுக்கு மறைவாக அவர் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். அதுவே பெரிய உதவி.

கேட்கக் கூடாதவை: "எந்த ஸ்டேஜ்?", "எப்படி வந்துச்சு?", "சிகரெட் பிடிப்பீங்களா?" சொல்லக் கூடாதவை: "பார்த்தா நோயாளி மாதிரியே தெரியல", "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், பாவம் போயிட்டாரு." அவரே பேச ஆரம்பித்தால் கேளுங்கள். பதில் தேட வேண்டாம். "சொல்லுங்க", "ஆமாம்மா" போதும். எல்லோரையும் போர்வீரர் என்றும் வென்றவர் என்றும் அழைக்காதீர்கள். நோய் திரும்பி வந்தவர் ஒருவர் அதே வரிசையில் நடந்துகொண்டிருப்பார்.

துண்டறிக்கை கொடுக்கும் இடத்தில் நாட்டு வைத்தியச் செய்திகள் வந்து விழும். முள்சீத்தாப் பழம் சாப்பிட்டால் கீமோவே வேண்டாம் என்பார்கள். வாதாட வேண்டாம். "டாக்டர்கிட்ட கேக்காம சிகிச்சையை நிறுத்திடாதீங்க" என்று மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். பரிசோதனை எங்கே என்று கேட்டால், வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கான முதல்நிலைப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் உண்டு என்று சொல்லலாம். மேலும் கேட்பவர்களுக்கு 104 உதவி எண்ணைக் கொடுங்கள். கட்டியைக் காட்டி "இது அதுவா?" என்று கேட்டால் உங்கள் கருத்தைச் சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

10. உடம்புக்கு முடியாமல் போனால்

நிற்க முடியவில்லை என்றால் நிழலில் உட்கார வையுங்கள். மயங்கினால் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். கூட்டத்தை விலக்குவது ஒருவர் வேலை, குழுத் தலைவருக்குச் சொல்வது இன்னொருவர் வேலை.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவு திரும்பாமை மூன்றுக்கும் உடனே 108. தெருப் பெயரோடு, நீங்கள் குறித்து வைத்த அடையாளத்தையும் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் நுழையும் முனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

கீமோவில் இருப்பவர் குளிர் நடுங்குகிறது என்று சொன்னால் அதைக் கடற்காற்று என்று தள்ளிவிடாதீர்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சலே அவருக்கு அவசரநிலை. பாராசிட்டமால் கொடுத்து உட்கார வைத்தால் காய்ச்சல் மறைந்து, தொற்று உள்ளே வளரும். எந்த மாத்திரையும் நீங்கள் தர வேண்டாம். முதலுதவி மருத்துவரிடமும், அவர் சிகிச்சை பெறும் மருத்துவமனையிடமும் உடனே பேச வையுங்கள்.

11. நன்கொடை

பூட்டிய உண்டியல், எப்போதும் இருவர். பணத்தை உங்கள் சொந்த யுபிஐ எண்ணுக்கு வாங்கி "பிறகு சேர்த்துவிடுகிறேன்" என்பது எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும் தவறு; கணக்கு உங்கள் தலையில் விழும். அமைப்பின் க்யூஆர் அட்டையை 5.30க்கு ஒரு ரூபாய் அனுப்பிச் சோதியுங்கள். திரையில் வரும் பெயர் அமைப்பின் பெயர்தானா என்று பார்த்து, 7 மணிக்கு மறுபடியும் பாருங்கள். அட்டைமேல் வேறு அட்டை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டு உண்டு.

வரிச்சலுகை ரசீது கேட்பவரிடம் பெயர், முகவரி, பான் எண் வாங்குங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

12. படம்

தலைத்துணி அணிந்தவரையும் குழந்தைகளையும் கேட்காமல் எடுக்க வேண்டாம். தன் நோயை அலுவலகத்திலோ சம்பந்தி வீட்டிலோ சொல்லாதவர்கள் இந்த நடைக்கு வருகிறார்கள். உங்கள் ஸ்டேட்டஸ் வழியாக அது வெளியே போகக் கூடாது. முதுகுப்பக்கம், கால்கள், கூட்டத்தின் தூரக் காட்சி போதும்.

13. சாப்பாடும் கடைசி ஆளும்

முடிவில் சூடான இட்லி, சாம்பார், தோல் உரிக்கும் வாழைப்பழம் நல்ல தேர்வு. தேங்காய்ச் சட்னி கடற்கரைப் புழுக்கத்தில் எட்டு மணிக்குள் புளித்துவிடும். நறுக்கி வைத்த பழம் எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்களுக்கு ஆகாது. கடைசியில் வருபவர்களுக்காக 30 பேர் சாப்பாட்டைச் சூட்டுப் பெட்டியில் தனியே எடுத்து வையுங்கள். தன்னார்வலர்கள் அதன் பிறகு சாப்பிடலாம்.

பலூன் வளைவைக் கடைசி ஆள் கடக்கும்வரை அவிழ்க்காதீர்கள். அவர் வரும்போது கை தட்டுங்கள், ஆனால் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லாதீர்கள். அவர் விரும்புகிறாரா என்பது தெரியாது. பதக்கமோ சான்றிதழோ இருந்தால் அவருக்கானது எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

14. கிளம்பும் முன்

பதிவில் வந்தவர்கள் எண்ணிக்கையும் முடித்தவர்கள் எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். குறைந்தால், எண் அட்டைப் பட்டியலை வைத்துக் கைபேசியில் அழையுங்கள். பெரும்பாலும் பாதியில் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். அது தெரிந்த பிறகே முதலுதவிக் குழுவை அனுப்ப வேண்டும்.

மணலில் ஊக்குகள் கிடக்கும். மாலையில் அங்கே குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பதிவு மேசை இருந்த இடத்திலும் முடிவிடத்திலும் இழுத்துப் பாருங்கள்.

சேவை நேரத்துக்கான கையெழுத்தை அங்கேயே வாங்கிவிடுங்கள். ஒரு தாளில் மூன்று வரி எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள்: எந்தப் பொருள் எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எந்த இடத்தில் ஆள் போதவில்லை, கடைசி ஆள் உங்கள் இடத்தைக் கடந்தது எத்தனை மணிக்கு.